நிலத்தின் குடிகள்: ஆண்டிபட்டி முதல் லோயர்கேம்ப் வரை

உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் ஏறி இறங்கும் பேருந்திலிருந்து முதலில் கண்ணில் படுவது சரளை கலந்த செம்மண். சோளம், மொச்சை, பருத்தி, இடையிடையே முருங்கை, கிணற்றுத் தண்ணீர் உள்ள இடத்தில் மல்லிகை. அங்கிருந்து தேனிக்கு வந்து தெற்கே திரும்பி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர்கேம்ப் போய்ச் சேர்வதற்குள் மானாவாரிக் காடு நெல்வயலாகிறது, நெல்வயல் வாழைத்தோட்டமாகிறது, அதற்கப்பால் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் வந்துவிடுகின்றன. சின்னமனூரிலிருந்து மலையேறினால் மேகமலைத் தேயிலை. போடியிலிருந்து மேற்கே ஏறினால் ஏலக்காய். நூறு கிலோமீட்டருக்குள் இத்தனை விதமான நிலப் பயன்பாடு அடுத்தடுத்து வருவது தமிழ்நாட்டில் அபூர்வம். ஆனால் இந்த வழியில் பயணிப்பவர் கண்ணில் படாத மாற்றம் ஒன்று உண்டு. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஆர்க்கியாக்கள் என்னும் தனிவகை நுண்ணுயிர்களும் பயிருக்குப் பயிர் மாறிக்கொண்டே வருகின்றன. எந்த நுண்ணுயிர் எங்கே நிலைக்கும் என்பதில் மண்ணின் வகைக்குப் பாதிப் பங்கு, அந்த மண்ணை மனிதர்கள் இத்தனை காலம் என்ன செய்தார்கள் என்பதற்கு மறுபாதி. முதல் பாதியை அளக்க அரசு தரும் மண்வள அட்டை இருக்கிறது. இரண்டாம் பாதியைச் சேர்த்துப் படிக்காவிட்டால் அந்த அட்டையின் எண்களே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பது என் வாதம். அதற்குக் கம்பம் பள்ளத்தாக்கைவிட நல்ல சாட்சி இல்லை.

மண்ணின் வகையிலிருந்து தொடங்குவோம். போடி மேற்கு மலையின் பாறை சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் பொட்டிபுரம் மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தப் பாறையின் உறுதியும் ஒரு காரணம். இத்தகைய பழம்பாறைகள் சிதைந்து சரிவுகளில் செம்மண்ணாகக் கிடக்கின்றன. தாழ்ந்த இடங்களில் ஆங்காங்கே கரிசல், ஆற்றோரத்தில் வண்டல். செம்மண்ணில் உள்ள களி பெரும்பாலும் கயோலினைட். நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் திறன் அதற்குக் குறைவு. கரிசலின் களி மாண்ட்மோரில்லோனைட் குடும்பம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நமக்கு இது நிற வேறுபாடு. பாக்டீரியாவுக்கு இது குடிநீர், ஒளிவிடம், அமிலத்தன்மை மூன்றையும் பொறுத்த விஷயம். இந்த மூன்றில் கடைசியானதுதான் எல்லாவற்றையும்விட வலியது. 2006-ல் நோவா ஃபியரரும் ராபர்ட் ஜாக்சனும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து எடுத்த 98 மண் மாதிரிகளை ஒப்பிட்டபோது, வெப்பமோ நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தூரமோ பாக்டீரியாக்களின் பன்மையைத் தீர்மானிக்கவில்லை, மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவே தீர்மானித்தது. நடுநிலை மண்ணில் பன்மை அதிகம், அமில மண்ணில் குறைவு. செடிகொடிகளால் செழித்த அமேசான் காட்டின் அமில மண்ணில் பாக்டீரியாப் பன்மை குறைவாகவும், வறண்ட நிலத்தின் நடுநிலை மண்ணில் அதிகமாகவும் இருந்தது. மேலே பசுமையாக இருப்பதால் கீழேயும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் மண்தான் தலையெழுத்து, உழவர் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா? இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் இதற்குப் பதில் இருக்கிறது. அங்கே ஹூஸ்ஃபீல்டு என்னும் வயலில் 19-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பு சீரில்லாமல் இடப்பட்டது. அதன் விளைவாக ஒரே மண், ஒரே பயிர் கொண்ட சுமார் 180 மீட்டர் நீளத் துண்டில் பி.எச். 4-லிருந்து 8-க்கு மேல் வரை படிப்படியாக ஏறுகிறது. 2010-ல் வெளியான ஆய்வு, இந்தச் சிறு தூரத்துக்குள் பாக்டீரியாப் பன்மை ஏறத்தாழ இரு மடங்காவதையும், பூஞ்சைகள் அவ்வளவாக மாறாமல் இருப்பதையும் காட்டியது. நூறாண்டுகளுக்கு முன் ஒருவர் வண்டியில் கொண்டுவந்து கொட்டிய சுண்ணாம்பு இன்றும் அங்கே யார் வாழலாம் என்று முடிவு செய்துகொண்டிருக்கிறது. மண் எல்லையைப் போடுகிறது. அந்த எல்லையை நிலப் பயன்பாடு நகர்த்துகிறது.

ஆண்டிபட்டி மானாவாரிக்குத் திரும்புவோம். அந்தச் செம்மண்ணில் நுண்ணுயிர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி பட்டினி. வித்துகளாகவும் இழைகளாகவும் வறட்சியைத் தாங்கும் ஆக்டினோமைசீட்டுகளுக்கு இங்கே கை ஓங்கும். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் அவை உண்டாக்குவது. காய்ந்த மண் நனைந்த சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் பெருமூச்சாக வெளிவிடும் கரியமில வாயுவையும், அதோடு விடுபடும் தழைச்சத்தையும் கென்யாவில் அளந்து 1958-ல் எழுதினார் எச்.எஃப். பெர்ச், இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. முதல் மழை ஈரத்தோடு விதைத்துவிட வேண்டும் என்று மானாவாரி உழவர்கள் அவசரப்படுவதில் இந்த உண்மையும் அடங்கியிருக்கிறது. பிந்தி விதைத்தவருக்கு அந்தத் தழைச்சத்தில் ஒரு பகுதி அடுத்த மழையோடு போய்விடும். மொச்சைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முடிச்சுக்குள் ரைசோபியம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலை நடக்கவில்லை. ஆய்வுக்கூடம் இல்லாமல் வயல்வரப்பிலேயே செய்யக்கூடிய நுண்ணுயிர்ப் பரிசோதனை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மொச்சையை ஆண்டாண்டாக விதைத்த நிலத்தில் அதற்கேற்ற ரைசோபியம் காத்திருக்கும்; பயறு வகையே பார்க்காத நிலத்தில் அது அரிது. அங்கேதான் விதையோடு கலந்து இடுகிற ரைசோபியம் பொட்டலம் பலன் தரும். ஒரே செம்மண், ஒரே பி.எச்.; பயிர் வரலாறு வேறானால் செலவும் வேறு.

தேனியைக் கடந்ததும் காட்சி மாறக் காரணம் 1895. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் நீர், மேற்கே அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டியது, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. லோயர்கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் என்பது தேனி மாவட்டத்தில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு. மழைமறைவுப் பகுதியில் தண்ணீர் வந்தது என்ற அளவில்தான் நாம் அந்த அணையைப் பேசுகிறோம். மண்ணுக்குள் நடந்தது அதைவிடப் பெரியது. சேற்றுழவு முடித்துத் தண்ணீர் கட்டிய ஒன்றிரண்டு நாளில், மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் தவிரக் கீழே உயிர்வளி தீர்ந்துவிடுகிறது. அதை நம்பிய உயிர்கள் ஒடுங்க, நைட்ரேட்டையும் பிறகு மாங்கனீசையும் இரும்பையும் கந்தகச் சேர்மங்களையும் கொண்டு மூச்சுவிடுகிற பாக்டீரியாக்கள் அடுத்தடுத்து எழுகின்றன. கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள். நடவு முடிந்து சில வாரம் ஆன வயலில் கால் வைத்தால் குமிழிகள் எழுவது அவற்றின் வேலை. அந்தக் கருஞ்சாம்பல் சேற்றிலிருந்து ஒரு குத்து நாற்றைப் பிடுங்கிக் கழுவினால் வேரின் மேல் துருவின் நிறத்தில் ஒரு பூச்சு தெரியும். நெல் தன் தண்டு வழியாக உயிர்வளியைக் கீழே அனுப்புகிறது. அது வேரிலிருந்து கசியும் இடத்தில், சேற்றில் கரைந்திருந்த இரும்பு மீண்டும் துருவாகப் படிகிறது. ஒரு வேரின் தடிமனுக்குள் காற்றுள்ள உலகமும் காற்றில்லாத உலகமும் அருகருகே இயங்குகின்றன.

இதில் மண் வகைக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வாழ்நாள் உழைத்த பொன்னம்பெரும, நீர் தேங்கிய மண்ணின் வேதியியல் குறித்து 1972-ல் எழுதியது இன்றும் அடிப்படை நூல் போலப் படிக்கப்படுகிறது. அமில மண்ணானாலும் கார மண்ணானாலும் சில வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தால் இரண்டும் நடுநிலையை நோக்கி நகர்கின்றன என்று அவர் காட்டினார். நுண்ணுயிர்களின் தலைமைக் காரணி என்று நாம் சொன்ன பி.எச். அளவையே நிலப் பயன்பாடு மாற்றி அமைக்கிறது என்று இதற்குப் பொருள். இப்போது மண்வள அட்டையை எண்ணிப் பாருங்கள். வி வடிவில் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, நிழலில் உலர்த்திப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். உலர்த்திய மண்ணின் பி.எச். அட்டையில் ஏறுகிறது. இருபோக வயலில் நெல்லும் அதன் நுண்ணுயிர்களும் ஆண்டின் பெரும்பகுதி வாழ்வது அந்த எண்ணில் அல்ல. அட்டை பொய் சொல்லவில்லை. கோடைத் தரிசில் கிடக்கும் மண்ணைப் பற்றிய உண்மையை அது சொல்கிறது.

மண் வகையும் பயன்பாடும் நேருக்கு நேர் மோதுகிற இடம் வாழைத்தோட்டம். சின்னமனூர், கம்பம் வட்டாரங்களில் திசு வளர்ப்பு ஜி-9 வாழை ஆண்டுக்கணக்கில் ஒரே நிலத்தில் மறுபடி மறுபடி வருகிறது. வாடல் நோய் கண்ட மரத்தின் கிழங்கைக் குறுக்கே வெட்டினால், வெளிறிய சதைக்குள் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் வளையமாக நிற்கும். ஃபியூசேரியம் பூஞ்சை நீர்க்குழாய்களை அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஜி-9 அடங்கிய கேவண்டிஷ் வகை வாழைகள் இந்த நோயின் பழைய இனத்துக்கு எதிர்ப்பு உடையவை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, தேனி மாவட்ட ஜி-9 தோட்டங்களிலும் வாடலைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தினர் பதிவு செய்தார்கள். பூஞ்சையின் தடித்த வித்துகள் வாழையே இல்லாத மண்ணில்கூடப் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆனால் எல்லா மண்ணிலும் அது ஒரே வேகத்தில் பரவுவதில்லை. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களின் மண்ணை 1960-களில் ஆராய்ந்த ஸ்டாட்ஸ்கி, மாண்ட்மோரில்லோனைட் களி உள்ள மண்ணில் நோய் மெதுவாகவும், அது இல்லாத மண்ணில் விரைவாகவும் பரவியதைக் கண்டார். அந்தக் களி அமிலத்தை அடக்கிப் பாக்டீரியாக்கள் வளர வழிவிடுகிறது. பெருகிய பாக்டீரியாக்கள் பூஞ்சைக்கு இரையை மிச்சம் வைப்பதில்லை என்பது அவர் விளக்கம். கரிசலில் தாங்கும் வாழை செம்மண்ணில் விழுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். களியை மாற்ற யாராலும் முடியாது. பயன்பாட்டை மாற்றலாம். ஹோண்டுராஸில் நோய் கண்ட தோட்டங்களை மாதக்கணக்கில் நீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். பூஞ்சை குறைந்தது, மறுநடவில் சில ஆண்டுகளிலேயே திரும்பியும் வந்தது. காலி செய்த வீட்டில் முதலில் நுழைபவர் யார் என்பதே கேள்வி. வாழைக்குப் பின் நெல் போடும் வழக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் உள்ள நிலத்துக்கு எளிது. அதோடு தொழு உரமோ பசுந்தாள் உரமோ சேர்ந்து, வாழை மறுபடி வருமுன் பாக்டீரியாக்கள் குடியேற அவகாசம் கிடைத்தால்தான் அந்த நெல் போட்டதன் பலன் நிற்கும்.

திராட்சைப் பந்தலின் கீழ் இன்னொரு விதமான வரலாறு படிந்திருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமை, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும் என்பது. ஆண்டு முழுவதும் கொடியில் இலை இருந்தால் அடிச்சாம்பல் நோயும் ஆண்டு முழுவதும் வரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, பிரான்சில் 1885-ல் பிரபலமானது முதல், உலகத் திராட்சைத் தோட்டங்களின் காவல். ஆனால் மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மட்கிப் போகாது. இலையிலிருந்து சொட்டியது மேல்மண்ணில் கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். பல பத்தாண்டு மருந்தடித்த ஐரோப்பியத் தோட்ட மண்ணில் தாமிரம் இயல்பான அளவைவிடப் பல மடங்கு சேர்ந்திருக்கிறது. அமில மண்ணில் அது நுண்ணுயிர்களுக்குக் கூடுதல் நஞ்சு. வேரோடு உறவாடி மணிச்சத்தைக் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சைகளும் அதில் பாதிக்கப்படுகின்றன. மண்வள அட்டையின் 12 அளவைகளில் தாமிரமும் ஒன்று. ஆனால் நுண்ணூட்டம் என்ற வரிசையில், பற்றாக்குறை உண்டா என்று பார்ப்பதற்காக அது இருக்கிறது. ‘போதுமானது’ என்ற சொல் மானாவாரி நிலத்துக்கு நல்ல செய்தி. முப்பது ஆண்டு திராட்சை நின்ற நிலத்துக்கு அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு அதிகம், அது ஏறிக்கொண்டே போகிறதா? ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

மலைக்கு மேல் கதை சுருக்கம்தான், ஆனால் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துகிறது. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி; அதற்கு இடும் தழைச்சத்து உரம் அமிலத்தை மேலும் கூட்டும். அத்தகைய மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பொறுப்பைப் பாக்டீரியாவைவிட ஆர்க்கியாக்கள் அதிகம் ஏற்கின்றன, பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையில் அந்த வேலையைச் செய்யும் ஆர்க்கியா ஒன்றை ஸ்காட்லாந்து மண்ணிலிருந்து பிரித்து வளர்த்தது 2011-ல்தான். காட்டைத் திருத்தினால் நுண்ணுயிர் வகைகள் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. பிரேசிலில் அமேசான் காட்டை மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களை ஒப்பிட்ட 2013 ஆய்வில், ஓர் இடத்தில் கிடைக்கும் பாக்டீரியா வகைகள் கூடியிருந்தன. இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடு அழிந்திருந்தது. எங்கு தோண்டினாலும் அதே கூட்டம். மேகமலைக் காட்டின் மதிப்பு ஒரு பிடி மண்ணில் எத்தனை வகை என்ற எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு சரிவும் ஒவ்வொரு விதமாக இருப்பதில் இருக்கிறது. வகைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மண்ணின் நலத்துக்கு மதிப்பெண் போடும் பரிசோதனைகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

யார் இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பாக்டீரியா போனால் இன்னொன்று அதே வேலையைச் செய்யும் என்பது பெரும்பாலான மட்குதலுக்குப் பொருந்தும். சருகைத் தின்ன ஆயிரம் வாய்கள் இருக்கின்றன. ஆனால் மொச்சை வேரில் முடிச்சுப் போடுவது, அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது, ஃபியூசேரியத்தை அடக்குவது போன்ற வேலைகளுக்குச் சில குடும்பங்களே உண்டு. அவை போனால் மாற்றாள் கிடையாது. இன்னொரு மறுப்பு கடையிலிருந்து வருகிறது: அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் சூடோமோனாஸும் பொட்டலத்தில் கிடைக்கும்போது மண்ணின் வரலாறு எதற்கு? நுண்ணுயிர்கள் எங்கும் பரவியிருக்கின்றன, எது நிலைக்கும் என்பதைச் சூழலே தேர்ந்தெடுக்கிறது என்று 1934-லேயே டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் எழுதினார். சூழல் ஏற்காத விருந்தாளியைப் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டினாலும் சில வாரங்களில் பழைய குடிகளே மிஞ்சும். உயிர் உரங்களுக்கு நான் எதிரி அல்ல. கரிமம் இல்லாத மண்ணில் அவற்றைக் கொட்டி, பிறகு உயிர் உரமே வீண் என்று முடிவு கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இங்கிலாந்தையும் ஹோண்டுராஸையும் வைத்துக் கம்பத்தைப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. நம் பக்கத்துச் சாட்சி கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல், இன்றும் நடப்பவற்றில் நாட்டிலேயே மிகப் பழையது; செம்மண் நிலம். நூறாண்டுக்கு மேல் ஒரே விதமாக உரமிடப்பட்ட அந்தப் பாத்திகளில் வேளாண்மைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர்கள் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தொழு உரம் பெற்ற பாத்திகள் நுண்ணுயிர் வளத்தில் முன்னால் நின்றன. ரசாயன உரம் மட்டும் பெற்றவை அதற்குப் பின்னால். எதுவுமே பெறாதவை கடைசியில். ரசாயன உரம் மண்ணைச் சுடுகாடாக்குகிறது என்ற முழக்கத்தையும் இந்த வரிசை ஆதரிக்கவில்லை, அதுவே போதும் என்ற எண்ணத்தையும் ஆதரிக்கவில்லை. அறுவடை முடிந்த வயலில் மலைமாட்டுக் கிடை போடும் தேனிப் பக்கத்து வழக்கத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. அந்த மாடுகள் காட்டில் மேயலாமா என்ற வழக்குகளில் பேசப்படாத தரப்பு, மலைக்குக் கீழே உள்ள இந்த வயல்கள்.

2015-ல் வந்த மண்வள அட்டை பி.எச்., கரிமம் இரண்டையும் தருகிறது. நுண்ணுயிர்களைப் பற்றிய பாதிச் செய்தி அந்த இரு எண்களிலேயே இருக்கிறது. பாசனமா மானாவாரியா என்றும் அது குறிக்கிறது. கடந்த இருபது ஆண்டில் அங்கே நெல் எத்தனை போகம், வாழை எத்தனை முறை, திராட்சை எத்தனை காலம் என்பதைக் குறிப்பதில்லை. இதைத் திரட்டப் புதிதாகக் கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் ஒவ்வொரு பசலியிலும், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டிலும், சர்வே எண் வாரியாக எந்தப் பயிர், எந்தப் பாசனம் என்று அடங்கலில் எழுதி வருகிறார். மண்வள அட்டையிலும் சர்வே எண் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, அட்டையின் பின்பக்கத்தில் அந்த எண்ணுக்குரிய பயிர் வரிசையை அச்சிட்டால், சுருளிப்பட்டியில் தாமிரத்துக்கு எதிரே ‘போதுமானது’ என்று படிக்கும் விவசாயி அதன் கீழேயே ‘திராட்சை, 22 பசலி’ என்றும் படிப்பார். உத்தமபாளையம் வட்டத்தில் நெல், வாழை, திராட்சை மூன்றும் உள்ள இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்களில் வருகிற பசலியிலேயே இதைத் தொடங்கலாம்.